எந்த டிபார்ட்மெண்ட்?

போன ஆவணியில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி 40 வருஷம் முடிந்தது. மண்டபம், மாலை, மேடையெல்லாம் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். "ஒரு நாள் சும்மா இருந்தா போதும்டி" என்றார் அம்மா. திண்டிவனத்தில் அந்த வீட்டுக்குள் அம்மா சும்மா இருந்த நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அதனால் சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஒரு ராத்திரிக்கு இரண்டு ரூம் போட்டேன். ஒரு ரூம் 11,500 ரூபாய். வரியோடு 13,570.

ஹோட்டல் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் "நான் போனேன், எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று பத்துப் பேர் வருவார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

அம்மாவும் நானும் மத்தியானம் 2 மணிக்கு வாடகைக் காரில் போய் இறங்கினோம். கதவைத் திறந்துவிட்டார்கள். நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். வெட்டிவேர் வாசனையோடு சின்ன கிளாஸில் ஏதோ கொடுத்தார்கள். வரவேற்பறைச் சுவரில் பித்தளைத் தகட்டில் அனிச்சம்பூ வருகிற குறள் பொறித்திருந்தது. விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள். முகம் திரிந்து பார்த்தாலே விருந்தாளி வாடிப்போவான் என்று சொல்கிறதே, அதேதான். அம்மா அதைச் சத்தமாக வாசித்தார். அந்த இடத்தில் அதை வாசித்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பா எங்களோடு வரவில்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் பழைய டிரைவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். திண்டிவனம் - வந்தவாசி - செய்யாறு ரூட்டில் பாதி வாழ்க்கை ஓடியிருக்கிறது. ஆகவே பஸ்ஸில்தான் வந்தார். நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் மஞ்சப்பை. பையில் அம்மாவுக்கு மல்லிப்பூவும் அரைக் கிலோ மைசூர்பாகும்.

கேட்டில் நடந்ததை அப்பா சொன்னபடியே சொல்கிறேன்.

"யாரைப் பார்க்கணும் பெரியவரே?"

"என் பொண்ணு உள்ள இருக்குப்பா."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு "கம்ப்யூட்டர்" என்றிருக்கிறார்.

"ஐடியா? அப்போ பின்பக்கம் போங்க. அந்தச் சந்துல ஸ்டாஃப் கேட் இருக்கு. டைம் ஆபீஸ்ல பேர் சொல்லுங்க, கூப்பிட்டு விடுவாங்க."

அப்பாவும் போனார். பின்பக்கம் என்றால் காய்கறி லாரி வந்து இறக்குகிற இடம். அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றும் லாண்டரி வேன் நிற்கிற இடம். டைம் ஆபீஸில் இருந்தவர் என் பெயரை ஸ்டாஃப் லிஸ்டில் தேடியிருக்கிறார். இல்லை. "புதுசா சேர்ந்த பொண்ணா? வெயிட் பண்ணுங்க, ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் இந்த வழியாத்தான் வருவாங்க" என்றிருக்கிறார். அப்பாவும் வெயிட் பண்ணினார். போனில் சார்ஜ் இல்லை. நான் மூன்று தடவை கூப்பிட்டேன், அணைந்திருந்தது. 5 மணிக்கு மேல் பயம் வந்து நானே வாசலுக்குப் போய்க் கேட்டேன். "ஒரு பெரியவர் வந்தாரு மேடம், இங்க வேலை செய்யற பொண்ணோட அப்பா, பின்னாடி அனுப்பிட்டேன்" என்றான் அந்தப் பையன். வாயில் "மேடம்" இருந்தது. நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன், கழுத்தில் ரூம் சாவி அட்டை தொங்கியது.

ஓடினேன். தக்காளி ப்ளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அப்பா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாத்திரம் கழுவும் பிரிவில் வேலை செய்கிற பையன் ஒருவன். இருவரும் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்கள். 55 நிமிஷம். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இதான் வாசல்னாங்க" என்றார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

*

ரிசப்ஷனில் சத்தம் போட்டேன். ஒத்துக்கொள்கிறேன், நல்ல சத்தம். டியூட்டி மேனேஜர் வந்தார். கோட்டு, சீரான சிரிப்பு. நான் தமிழில் கத்தினேன், அவர் ஆங்கிலத்தில் வருந்தினார். அவர் திருவாரூர்க்காரர் என்பது பிறகு தெரிந்தது. "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்பதை நாலு விதமாகச் சொன்னார். அசௌகரியம் என்றால் ஏசி வேலை செய்யாதது. வெந்நீர் வராதது. ஒரு மனுஷனை அவன் மகளின் கண்ணுக்கு முன்னால் சரக்குக் கேட்டில் உட்கார வைத்ததற்கு அந்தச் சொல் போதாது. இதைச் சொன்னேன். "புரிகிறது மேடம்" என்றார். ராத்திரி ரூமுக்கு ஒரு கேக் வந்தது.

கேக்கின் மேல் கல்யாணநாள் வாழ்த்து. ரூம் போடும்போதே ஆண்டுநிறைவு என்று குறிப்பிட்டிருந்தேன், எப்படியும் வந்திருக்க வேண்டிய கேக் அது. மன்னிப்பையும் அதன் மேலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். முட்டை போட்ட கேக். அன்று சனிக்கிழமை, அம்மா தொடமாட்டார். யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நம்ம மைசூர்பாகு இதுக்கு எவ்வளவோ தேவலாம்" என்றார்.

இந்த இடத்தில் வழக்கமான வாடிக்கையாளர் புகாராக இருந்தால் "இவ்வளவு பெரிய ஹோட்டலில் இவ்வளவு மோசமான சேவையா!" என்று ஒரு வரி வரும். நண்பர்கள் அப்படித்தான் சொன்னார்கள். சர்வீஸ் லேப்ஸ், டிரெய்னிங் பத்தவில்லை, புது ஆளாக இருப்பான் என்றார்கள். ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பையன் வேலையைத் தப்பாகச் செய்யவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, அதுவும் மரியாதையாகவே செய்தான். பெரியவரே என்றான். வழி சொன்னான். யாரையும் தள்ளவில்லை, விரட்டவில்லை. நடந்து வருகிறவர் விருந்தாளி இல்லை. துணிப்பையோடு வருகிறவர் இங்கே வேலை செய்கிற யாருக்கோ உறவு. எத்தனை நாள் பார்த்து இந்தக் கணக்கை அவன் கண் பழகியிருக்கும்? சேவை கெட்டுப்போனதால் இது நடக்கவில்லை. அந்த வாசலில் விற்கிற சேவையே இதுதான். யார் உள்ளே இருக்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் நாம் 11,500 கொடுக்கிறோம். மெத்தைக்கு அவ்வளவு விலை கிடையாது.

சட்டம் தெரிந்தவர்கள் 2014ஐ ஞாபகப்படுத்துவார்கள். அந்த வருஷம் ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடவில்லை. சட்டமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது. கிளப்போ சங்கமோ அறக்கட்டளையோ கம்பெனியோ, தன் கட்டுப்பாட்டில் இருக்கிற பொது இடத்தில் வேட்டி அல்லது வேறு இந்திய மரபு உடையில் வருகிறவரைத் தடுக்க விதி வைக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகும். நல்ல சட்டம்தான். நீதிபதியின் வேட்டிக்கு வந்த சட்டம் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வேட்டி காரில் வந்து இறங்கிய வேட்டி. கிளப்புக்காரர்கள் முட்டாள்கள், விதியை எழுதி வைத்திருந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். இந்த ஹோட்டலில் எழுதிய விதி எதுவும் கிடையாது. அன்றைக்கு ராத்திரி அங்கே பட்டு வேட்டியில் ஒரு கல்யாண கோஷ்டியே உலாவியது. வேட்டியைத் தடுக்கவில்லை. அப்பாவையும் தடுத்ததாகச் சொல்ல முடியாது, 'வழிகாட்டினார்கள்', அவ்வளவுதான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

இன்னொரு நண்பர் பாதுகாப்பு என்றார். 2008 நவம்பர் 26க்குப் பிறகு கேள்வி கேட்காமல் எப்படி விடுவார்கள் என்றார். சரி, கேட்கட்டும். மும்பை தாக்குதலுக்குப் பிறகுதான் ஹோட்டல் வாசலில் உலோகச் சோதனைக் கதவும் பை ஸ்கேனரும் கட்டாயம் மாதிரி ஆனது. அந்தக் கதவுக்குள் அப்பா நடந்து போயிருந்தால் அது அவர் இடுப்புச் சாவிக்கொத்துக்கு மட்டும் கத்தியிருக்கும். ஸ்கேனருக்கு மைசூர்பாகு மைசூர்பாகுதான். அந்த இயந்திரங்கள் வரைக்கும் அவர் போகவே இல்லை, முன்னாலேயே கண் தடுத்துவிட்டது. மும்பை ரயில் நிலையத்தில் கேமராவில் பதிவான அந்த இளைஞன் கார்கோ பேண்ட்டும் முதுகுப்பையுமாக இருந்தான். அப்படி ஒருவன் இன்றைக்கு அந்தக் கேட்டுக்கு வந்தால் 'செக்-இன் பண்ணணுமா சார்?' என்று கேட்பார்கள்.

*

பணக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பேசினால் நம் ஆட்களுக்கு உடனே புரியும், அப்பா விஷயத்தைப் பேசினால்தான் புரிவதில்லை.

மறுநாள் காலை மூன்று ஃபில்டர் காபி. ஒன்று 450. மூன்றும் சேர்ந்து 1,350. அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 135. இரண்டையும் கூட்டி அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 267 ரூபாய் 30 காசு. மொத்தம் 1,752.30. வெளியே ஏசி இல்லாத மெஸ்ஸில் குடித்தாலும் வரி உண்டு, ஆனால் அங்கே 5 சதவீதம்தான். ரூம் வாடகை 7,500ஐத் தாண்டும் ஹோட்டலில் இருக்கிற ரெஸ்டாரண்டுக்கு 18. அப்பா பில்லை வாங்கி, கண்டக்டர் பழக்கத்தில், இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

கணக்கு சரி, ஞாயம் சரியில்லை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. பாட்டில் தண்ணீரை அச்சடித்த விலைக்கு மேல் விற்கலாமா என்று. விற்கலாம் என்று ஹோட்டல்காரர்கள் ஜெயித்தார்கள். அவர்கள் வாதம் என்ன? நாங்கள் வெறும் தண்ணீர் விற்கவில்லை, உட்காரும் இடம், சூழல், பரிமாறுதல் எல்லாம் சேர்த்துத் தருகிறோம். நல்லது. அப்படியென்றால் காபி விலை 450க்குள்ளேயே சேவை இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத்தான் கேட்டது. தானாகப் பில்லில் சேர்க்காதே, வேறு பெயரில் வாங்காதே, அதன்மேல் ஜிஎஸ்டி போடாதே என்றது. ஹோட்டல் சங்கங்கள் தடை வாங்கின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும். என் பில்லில் அந்த 135 ரூபாய் தீர்ப்புக்கு ஐந்து மாதம் கழித்தும் அப்படியே இருந்தது, அதன்மேல் வரியோடு. எடுக்கச் சொன்னேன், உடனே எடுத்துவிட்டார்கள். சத்தம் போடுகிறவருக்கு எடுப்பார்கள், அம்மா மாதிரி ஆட்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2019இல் சண்டிகரில் நடிகர் ராகுல் போஸுக்கு இரண்டு வாழைப்பழத்துக்கு 442 ரூபாய் 50 காசு பில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நாடே சிரித்தது. வரித்துறை அந்த ஹோட்டலுக்கு 25,000 அபராதம் போட்டது. அவர் நடிகர், வீடியோ போட்டார், வேலை நடந்தது. காரை வாங்கி நிறுத்துகிற விஷயத்திலும் இதே கதைதான். "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று டோக்கனில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, 1998இல் டெல்லி ஹோட்டல் ஒன்றில் திருடுபோன மாருதி ஜென்னுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று 21 வருஷம் இழுத்தார்கள். 2019 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் பொறுப்புதான் என்றது.

அப்பாவுக்கு இப்படி ஒரு தீர்ப்பு வராது. காணாமல் போன காருக்கு விலை இருக்கிறது. 55 நிமிஷத்துக்கு ரசீது இல்லை.

நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அது எப்படி என்று பார்த்தேன். ஹோட்டல் தானாக விண்ணப்பித்தால் சுற்றுலா அமைச்சகத்தின் குழு வந்து பார்க்கும். அறையின் அளவு, குளியலறை, தீ பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிக்கான வசதி என்று நீளமான பட்டியல். ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அந்தக் குழு காரில்தான் வரும். துணிப்பையோடு ஒரு ஆளைப் பஸ்ஸில் அனுப்பிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை.

*

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பதும், கோபத்தை விழுங்குவதும் சம்பளத்துக்குச் செய்கிற உழைப்பு, அதற்கும் ஒரு தேய்மானம் உண்டு என்பது அவர் கண்டது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த ஹோட்டலுக்குப் போனேன். படித்தும் எனக்குக் கண் திறக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அம்மாவிடம் ஒரு பையன் மெனுவை ஆங்கிலத்தில் விளக்கினான். அம்மா தலையாட்டினார். மேனேஜர் நகர்ந்ததும் குனிந்து, "அம்மா, அது வேணாம், ரொம்பக் காரம். நான் ரசம் சாதம் கொண்டாரேன்" என்றான். மெனுவில் ரசம் சாதம் இல்லை. வந்தது. அந்த இரண்டு நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சேவை அதுதான், அதை அவன் திருட்டுத்தனமாகச் செய்யவேண்டி இருந்தது. தமிழ்நாட்டில், தமிழ் அம்மாவுக்கு, தமிழ்ப் பையன், தமிழில். யாராவது எழுத்தில் தடை போட்டிருப்பார்களா? மாட்டார்கள்.

*

இனி என் பங்கு.

திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பியதும் புகார் எழுதினேன். அப்பா முதலிலேயே சொன்னார். "எழுதறதுன்னா எழுதிக்க பாப்பா. அந்தப் பையனைப் பத்தி எழுதாத." ஞாயிறு காலை 8 மணிக்கு அவன் டூட்டிக்கு வந்தபோது அப்பா போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். வந்தவாசிக்குப் பக்கத்து ஊர். காலை 8 முதல் ராத்திரி 8 வரை டூட்டி. ஹோட்டல் ஆள் இல்லை, செக்யூரிட்டி ஏஜென்சி ஆள். அவன் ஊருக்குள் போகிற பஸ்ஸில் அப்பா டிக்கெட் கிழித்திருக்கிறார். அவன் ஸ்கூல் பாஸில் போயிருக்கிறான். "என்னை நல்லா ஞாபகம் வெச்சிருக்காம்மா" என்றார் அப்பா, ஏதோ அவார்டு வாங்கிய மாதிரி. காலில் விழப்போனானாம்.

அப்பாவுக்கு மெமோ தெரியும். பயணி ஒருவர் வண்டி நம்பரும் நேரமும் போட்டு ஒரு கார்டு எழுதினால் போதும், விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், இன்கிரிமெண்ட் நிற்கும். ஆனால் அங்கே விளக்கம் கேட்பார்கள். யூனியன் இருக்கும், கூட ஒருத்தர் வருவார். "இவனுக்கு யார் வருவா?" என்றார்.

நான் பையனைப் பற்றி எழுதவில்லை. ஹோட்டலைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன், எந்த கேட் என்று எழுதினேன். நீளமாக, கோபமாக, நன்றாக எழுதினேன். ஒரு ஸ்டார் போட்டேன். 340 பேர் லைக் போட்டார்கள். நாலாம் நாள் பொது மேலாளரிடமிருந்து மெயில். மன்னிப்பு, எங்கள் விழுமியங்கள், பெற்றோருக்கு வணக்கங்கள், எல்லாம் முடிந்து கடைசிப் பத்தியில், சம்பந்தப்பட்ட நபர் எங்கள் வளாகத்திலிருந்து நீக்கப்பட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம் என்று இருந்தது. அடுத்த முறை தங்கும்போது 20 சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பன்.

சம்பந்தப்பட்ட நபர்! அந்த மெயிலை எழுதியவர் சம்பந்தப்படவில்லை. நடந்து வருகிறவர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று முடிவு செய்தவர் சம்பந்தப்படவில்லை. டைம் ஆபீஸில் லிஸ்டைத் தேடியவர்கூட இல்லை. நான் சம்பந்தப்படவில்லை, எனக்குக் கூப்பன். வெயிலில் 12 மணிநேரம் நிற்கிறவன் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கிறான். கேட்டில் அவனுக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். ‘அங்காடித் தெரு’ வந்து 11 வருஷம் கழித்து. ஏஜென்சி ஆள் யாருடைய ஊழியர் என்று கேட்டால் ஹோட்டல் ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி ஹோட்டலைக் காட்டும். ஸ்டூல் நடுவில் எங்கேயோ நிற்கும்.

"அப்போ புகாரே கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். கேட்டார்கள். கொடுக்க வேண்டும். 1915க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஹோட்டலின் பெயருக்குப் போகிற அம்புகள். ஆனால் அந்த ஸ்டார் விஷயம் வேறு. நாம் கொடுக்கிற ஒரு ஸ்டார் மேலே ஏறுவதே இல்லை, கடைசிப் படியில் நிற்கிறவன் தலையில்தான் விழுகிறது. சாப்பாடு கொண்டுவருகிற பையன், காரோட்டுகிறவர், கேட்டில் நிற்கிறவன் என்று தினமும் நாம் இதைச் செய்கிறோம். ஹோட்டல் நிர்வாகத்துக்கு நம் கோபம் மிகவும் தேவை. தேய்ந்த ஆளை மாற்ற இலவசமாகக் கிடைக்கிற சூப்பர்வைசர் நாம். இது தெரிந்தும், ஹாக்‌ஷீல்ட் படித்தும், அப்பா வாயால் சொல்லியும் நான் நேரத்தை எழுதினேன், ஏனென்றால் நேரம் போட்டால்தான் புகார் நம்பும்படி இருக்கும். வாக்கியம் நன்றாக வரும்.

"அங்க எதுக்குப் போன?" என்று கேட்ட தோழருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டுத்தான் போனேன். அம்மா ஒரு நாள் யாரோ விரித்த மெத்தையில் படுக்கட்டும், யாரோ போட்ட காபியைக் குடிக்கட்டும் என்று போனேன். அது தப்பு என்று இன்னும் தோன்றவில்லை. எளிமையாக இருப்பது நல்லது என்று அம்மாவிடம் சொல்கிற யோக்கியதை 40 வருஷம் அவர் சமைத்ததைச் சாப்பிட்ட யாருக்கும் கிடையாது. அப்பா பேண்ட் போட்டு வந்திருக்கலாமே என்று எழுதிய அன்பருக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

பொது மேலாளருக்குத் திரும்ப எழுதினேன். மூன்று விஷயம் கேட்டேன். கேட்டில் நிற்பவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். எல்லாரையும் முன்வாசல் ஸ்கேனர் வழியாகவே விடச்சொல்லி மாற்றுங்கள். அந்தப் பையனைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்று. எந்த டிபார்ட்மெண்ட் என்று போடவில்லை. அதன்பிறகு நாலு மெயில் அனுப்பிவிட்டேன். ஏஜென்சிக்குப் போன் செய்தேன், அப்படி ஒரு ஆள் இப்போது ரோலில் இல்லை என்றார்கள். அவன் பெயர் அப்பாவுக்குத் தெரியும். வந்தவாசியில் எந்த ஊர் என்றும் தெரியும். அவரைக் கேட்டால் ஒரு மணிநேரத்தில் நம்பர் கிடைத்துவிடும். கேட்டால் ஏன் என்று கேட்பார்.

போன வாரம் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். "அந்த கேட்டுப் பையன் இன்னும் அங்கதான் இருக்கானா? அடுத்த தடவை போனா பாக்கணும்" என்றார். வேற சைட்டுக்கு மாத்திட்டாங்கப்பா, சம்பளம்கூட ஜாஸ்தியாம் என்று சொன்னேன். "அப்படியா, நல்லது நல்லது" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.